நேதாஜியும் என் இரண்டு பட்டையும்



நான் வளர்ந்தது ஜாலான் புசாரில். என்எஸ் செய்த காலத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பச்சைப் பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தால், பெரியப்பா கேட்கிற முதல் கேள்வி எத்தனை பட்டை என்பதுதான். அவர் மகன் ஓசிஎஸ் முடித்து செகண்ட் லெப்டினன்ட் ஆகி, ஒரு கோடு குத்திக்கொண்டு வந்தான். எனக்குக் கண்ணில் பவர் அதிகம். மருத்துவப் பரிசோதனையிலேயே சண்டைப் பிரிவு கிடையாது என்று முடிவாகிவிட்டது. நான் ஸ்டோர்மேன். ஹெல்மெட், பூட்ஸ், மெஸ் டின் எண்ணி வைக்கிற வேலை. என்எஸ் முடிக்கும்போது கார்ப்பரல், இரண்டு பட்டை. தேக்காவில் யூனிஃபார்மோடு நடக்கவே கூச்சமா இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சுபாஷ் சந்திர போஸின் வாழ்க்கையை முழுசாகப் படித்தேன். ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். முதல் உலகப் போர் சமயம், கல்லூரி மாணவராக இருந்த அவர் 49வது வங்காளப் படைப்பிரிவில் சேரப் போனார். கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்திய தேசிய இராணுவத்துக்கே தலைமை தாங்கியவர், ஒரு காலத்தில் மெடிக்கலில் ஃபெயில்!

1897 ஜனவரி 23 அன்று கட்டாக்கில் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் ஒன்பதாவது. பட்டாளம் கிடைக்காவிட்டால் என்ன என்று பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் படையில் சேர்ந்து, துப்பாக்கி பிடிக்கக் கற்றார். 1920இல் லண்டனில் ஐசிஎஸ் தேர்வில் நான்காவதாக வந்தார். அன்றைக்கு ஓர் இந்தியனுக்கு அதைவிடப் பெரிய பதவி ஏது? மறு வருஷமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்.

சீருடை மேல் அவருக்கும் ஆசை இருந்தது, அதை மறைக்க வேண்டாம். 1928 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர் படைக்குத் தலைவராகி, இராணுவத் தளபதி மாதிரியே உடுப்பு தைத்துப் போட்டுக்கொண்டார். காந்தியடிகளுக்கு அது சர்க்கஸ் மாதிரி தெரிந்தது. பலர் சிரித்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து நம் ஊர் பாடாங்கில் அதே மாதிரி உடுப்போடு நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

இடையில் நடந்தது சினிமாவைவிடப் பெரிய கதை. பல முறை சிறை. 1938இலும் 1939இலும் காங்கிரஸ் தலைவர். 1941 ஜனவரியில் வீட்டுக் காவலிலிருந்து மாறுவேஷத்தில் தப்பி, காபூல் வழியாக பெர்லின் போனார். 1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியில் ஏறி, நடுக்கடலில் ஜப்பான் நீர்மூழ்கிக்கு மாறி ஆசியாவுக்கு வந்தார். ஜூலை 2 சிங்கப்பூர். 4ஆம் தேதி கத்தே கட்டடத்தில் தலைமையை ஏற்றார். 5ஆம் தேதி பாடாங்கில் படையைப் பார்வையிட்டார்.

பட்டையின் விஷயம் இங்கேதான் எனக்குப் புரிந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருபது வருஷம் அனுபவமுள்ள சுபேதாரும், நேற்று வந்த வெள்ளைக்கார லெப்டினன்ட்டுக்குக் கீழேதான். சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனி கம்பெனி, தனித்தனி சமையல். இந்திய தேசிய இராணுவத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இந்திய அதிகாரிகளே முழுப் படையையும் நடத்தினார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களுக்குத் தலைமை, சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளிகளுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த சென்னைப் பெண் டாக்டர் லட்சுமி. அதுவரை யாருமே சல்யூட் அடிக்காதவர்கள் அந்தப் பெண்கள்.

தைப்பூசத்துக்கு நாம் காவடியோடு போய்ச் சேர்கிற டேங்க் ரோடு செட்டியார் கோயிலிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. எல்லாச் சாதிக்காரரும், எல்லா மதத்தவரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டார். செட்டியார்கள் ஒத்துக்கொண்டார்கள். முஸ்லிம் தோழர் ஆபித் ஹசன் உட்படத் தன் அதிகாரிகளோடு உள்ளே போனார். எல்லார் நெற்றியிலும் திலகம் வைத்தார்கள். வெளியே வந்ததும் போஸ் தன் திலகத்தைத் துடைத்துக்கொண்டார், மற்றவர்களும் துடைத்தார்கள். அவர் காளி பக்தர், இரவில் தியானம் செய்பவர். பக்தியை உள்ளே வைத்துக்கொண்டார். படைக்கு முன்னால் எல்லார் நெற்றியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆனால் இதையும் சொல்லியாகணும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஜாலான் புசார் ஸ்டேடியத்தில்தான், 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கியெடுத்தார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. எங்கள் புளோக்கில் இருந்த ஒரு சீனப் பாட்டி, அந்த மைதானப் பக்கம் திரும்பாமலேயே மார்க்கெட்டுக்குப் போவார். தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயிலில் மாண்டார்கள். அந்த ஜப்பானியரோடுதான் நேதாஜி கைகோத்தார். நாட்டு விடுதலைக்கு அவர் எடுத்த வழி அது. அதற்காக அந்தப் பாட்டியின் கண்ணீரை நாம் மறக்கலாமா? இரண்டையும் சேர்த்துத்தான் நாம் சுமக்கணும்.

1944இல் இம்பால் படையெடுப்பு தோற்றது. பசி, மலேரியா, பருவமழை எல்லாம் சேர்ந்து கொன்றன. 1945 ஆகஸ்ட் 18 அன்று தைப்பேயில் விமான விபத்தில் நேதாஜி இறந்தார். அந்த நவம்பரில் செங்கோட்டையில் அவருடைய அதிகாரிகள் மேல் வழக்கு. அவர் கொடுத்த ரேங்க் எதையும் பிரிட்டிஷார் ஏற்கவில்லை. விடுதலைக்குப் பிறகும் அந்த வீரர்களை இந்திய இராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பட்டையெல்லாம் போச்சு. ஆனாலும் மக்கள் வாயில் லட்சுமி கடைசிவரை கேப்டன் லட்சுமிதான். போஸை யாராவது ஜெனரல் போஸ் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நேதாஜிதான். மக்கள் வைத்த பெயர்.

அவர் சிங்கப்பூரில் கடைசியாகச் செய்த காரியங்களில் ஒன்று, 1945 ஜூலை 8 அன்று எஸ்பிளனேடில் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டியது. எந்தத் தளபதிக்கும் இல்லை, பெயர் தெரியாத வீரனுக்கு. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1995இல் அங்கே நினைவுப் பலகை வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

நான் போனேன். பெயரும் ரேங்க்கும் தெரியாத அந்த வீரனுக்கும் யாரோ ஒரு ஸ்டோர்மேன்தானே பூட்ஸ் எடுத்துக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ரிசர்விஸ்ட் அழைப்புக்கு என் இரண்டு பட்டையை நானே இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். கோயிலில் நம் குழு அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கும்போது, யார் தலைவர், யார் செயலாளர் என்று இப்போதெல்லாம் நான் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்காதீங்க. கத்தி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.