அரைப் புள்ளியின் அருமை

குட்டீஸ், விடிகாலையில் தரங்கம்பாடி கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? படகில் வந்த மீன், ஐஸ் பெட்டிகளில் ஏறியதும் வேன்கள் காரைக்கால் சாலையில் சிட்டாய்ப் பறக்கும். வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே!

இத்தாலி நாட்டிலும் அப்படி வேன் ஓட்டிய பெண் ஒருவர் இருந்தார். அவர் ஓட்டியது மீன் வேன் அல்ல. அப்பாவின் கடையிலிருந்து இறைச்சி கொண்டு போகும் வேன். அவர் பெயர் லெல்லா லோம்பார்டி. 1941ம் ஆண்டு, மார்ச் 26ம் தேதி, ஃப்ருகரோலோ என்ற சிற்றூரில் பிறந்தவர். வேன் ஓட்டியே கை பழகிய லெல்லாவுக்கு, ரேஸ் கார் மீது ஆசை வந்தது. 1965ல் சிறிய கார் பந்தயங்களில் இறங்கினார். படிப்படியாக முன்னேறி, பத்து ஆண்டுகளில் 'பார்முலா ஒன்' உலகப் போட்டிக்கே வந்து விட்டார். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஓட்டினாரே, அதே போட்டிதான்!

அவருக்கு முன், 1958ல் மரியா தெரசா டி பிலிப்பிஸ் என்ற இத்தாலியப் பெண் அதில் ஓட்டியிருந்தார். ஆனால், புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. லெல்லா ஓட்டிய காலத்தில் முதல் ஆறு இடங்களுக்கு மட்டுமே புள்ளி. கார்களில் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. வளைவுக்கு வளைவு கைவலிமையால்தான் திருப்ப வேண்டும்.

1975ம் ஆண்டு, ஏப்ரல் 27ம் தேதி. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில், மோன்ஜூயிக் குன்றுச் சாலையில் பந்தயம். ஓரத்தடுப்புகள் சரியாக முடுக்கப்படவில்லை என்று வீரர்கள் முன்பே எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். அப்போதைய உலக சாம்பியன் எமர்சன் பிட்டிபால்டி, பந்தயத்தில் கலந்து கொள்ளவே இல்லை. லெல்லா பின்வரிசையிலிருந்து புறப்பட்டார். முன்னே சென்ற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதி நின்றன. அவரோ நிதானம் தவறாமல் ஓட்டி, ஆறாம் இடத்துக்கு வந்தார்.

அப்போது ரோல்ப் ஸ்டோமலன் என்பவரின் காரில் பின்பக்க இறக்கை உடைந்தது. கார் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்ததில், அங்கே நின்றவர்கள் சிலர் இறந்தனர். 75 சுற்றுப் பந்தயம் 29 சுற்றுகளோடு நிறுத்தப்பட்டது. பாதிகூட முடியாததால், புள்ளியும் பாதியானது. ஆறாம் இடத்துக்கு உரிய ஒரு புள்ளியில், லெல்லாவுக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. துயரமான நாளில் வந்த புள்ளி என்பதால், கொண்டாட்டத்துக்கு இடமில்லை.

அந்த ஆண்டு ஜெர்மனியில் ஏழாம் இடம் பிடித்தார். 1976க்குப் பின் பார்முலா ஒன்னில் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆனாலும், பந்தயத்தை விடவில்லை. 1979ல் இத்தாலியின் வல்லேலுங்கா ஆறு மணி நேரப் பந்தயத்தில், கூட்டாளியுடன் சேர்ந்து வென்றார். பிற்காலத்தில் சொந்தமாகப் பந்தய அணியும் தொடங்கினார். புற்றுநோயால் 1992, மார்ச் 3ம் தேதி மறைந்தார்.

பார்முலா ஒன் உலகப் போட்டியில் புள்ளி எடுத்த பெண், இன்று வரை அவர் ஒருவர்தான். பரீட்சையில் அரை மதிப்பெண் தானே என்று இனி அலட்சியமாக நினைப்பீர்களா, குட்டீஸ்?