வேர் நுனியில் எண்ணிக்கை பார்த்த ஜானகி அம்மாள்!

தாம்பரம் பக்கமிருந்து புறவழிச் சாலையில் வடக்கே போனால் மதுரவாயல் வரும். சென்னைப் பல்கலைக் கழகத்தின் தாவர ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அங்கே உண்டு. 1970-க்குப் பிறகு, வயதான அம்மாள் ஒருவர் அங்கே மருந்துச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து வந்தார். எளிய வாழ்க்கை. ஆடம்பரம் என்பதே கிடையாது.

ஆனால், லண்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் அவர் பெயரிலேயே ஒரு பூமரம் நிற்கிறது!

அவர்தான் விஞ்ஞானி ஜானகி அம்மாள்.

கல்யாணமா, படிப்பா?

ஜானகி, 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி தலைச்சேரியில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை கிருஷ்ணன், சப்-ஜட்ஜ். பெரிய குடும்பம்.

ஜானகி சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியிலும், மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தது. மாப்பிள்ளை உறவுக்காரர்தான். அந்தச் சமயத்தில், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. ஜானகி அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார்! கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நாடு திரும்பியவர், 1934 முதல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். கரும்பையும் சோளத்தையும் இணைத்துக் கலப்புச் செடி உண்டாக்கினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட இணைத்துப் பார்த்தார். ஆனாலும், அங்கே அவருக்கு நிம்மதி இல்லை. தனியாக வாழும் பெண் என்பதும், அவர் பிறந்த சாதியும் குறுக்கே நின்றன.

வேர் நுனியில் என்ன இருக்கிறது?

செம்பருத்திக் கொம்பை மண்ணில் நட்டுத் தண்ணீர் விடுகிறோம். சில வாரங்களில் வேர் விடுகிறது. மெல்லப் பிடுங்கிப் பார்த்தால், வேரின் நுனி வெள்ளையாக இருக்கும். ஜானகி அம்மாளின் வித்தை எல்லாம் அந்த நுனியில்தான்.

செடியின் உடம்பு சின்னஞ்சிறு அணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் நூல்போல் சில பொருள்கள் உண்டு. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். பூவின் நிறம், இலையின் வடிவம், வேர் விடும் தன்மை ஆகிய பரம்பரைக் குணங்கள் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன. அணு இரண்டாகப் பிரியும்போது மட்டுமே அவற்றை நன்றாகப் பார்த்து எண்ண முடியும். வளரும் வேர் நுனியில் அணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். நுனியை வெட்டி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்து எண்ண வேண்டும். கண் வலிக்கும் வேலை!

1940 முதல் லண்டனில் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் இந்த வேலையைச் செய்தார். யுத்த காலம். ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். பிறகு எழுந்து, உடைந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வாராம். நம் ஊர் அணில் ஒன்றைச் சேலை மடிப்பில் மறைத்து அங்கே கொண்டுபோய் வளர்த்தார் என்றும் சொல்வார்கள்.

1945-ல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை எல்லாம் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்.

விஷத்தில் பூத்த வெள்ளைப் பூ

1946-ல் விஸ்லி என்ற இடத்தில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் சேர்ந்தார். அங்கே கால்சிசின் என்ற மருந்தைப் பயன்படுத்தினார். அது கடும் விஷம். நம் கார்த்திகைப் பூச் செடியின் கிழங்கிலும் அது இருக்கிறது. முளைத்த கன்றின் குருத்தில் அதைத் துளியாக விட்டால், அணு பிரியாமல் நின்றுவிடும். ஆனால் குரோமோசோம் மட்டும் இரண்டு பங்காகிவிடும்! அப்படி வளரும் செடியின் இலையும் இதழும் தடிப்பாக இருக்கும்.

மக்னோலியா கன்றுகளுக்கு அவர் இப்படி மருந்து விட்டார். மக்னோலியா, நம் செண்பகத்துக்குச் சொந்தக்காரச் செடி. அவற்றில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு வகைக்குத்தான் ஜானகி அம்மாள் என்று பெயர் வைத்தார்கள்.

1951-ல், பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. 1977-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 79.

அந்த வயதிலும் ஒரு போராட்டம்! கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் அணை கட்டத் திட்டமிட்டார்கள். காடு மூழ்கினால் செடிகளும் அழியும் என்று எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். திட்டம் கைவிடப்பட்டது.

1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, மதுரவாயலில் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில், அந்தக் காடு தேசியப் பூங்கா ஆயிற்று.