கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தைக் கண்டுபிடித்த இசைக்கலைஞர்! யார் இந்த வில்லியம் ஹெர்ஷல்?

விமான இறக்கை வெளியே பார்க்க வழவழப்பாக, புத்தம் புதிதாக இருக்கும். ஆனா உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கலாம். அந்தக் கோளாறை அறுக்காமல், கழற்றாமல் காட்டிக்கொடுக்கிறது தெர்மல் கேமரா. இதற்கு முதல் புள்ளி வைத்தவர், வானியலைத் தானாகவே கற்றுக்கொண்ட ஓர் இசைக்கலைஞர்.

பகலில் பாட்டு, இரவில் வானம்

1738 நவம்பர் 15 அன்று ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார் வில்லியம் ஹெர்ஷல். அப்பா ராணுவ இசைக்குழுவில் ஓபோ என்ற குழல் வாத்தியம் வாசித்தவர். மகனும் சின்ன வயதிலேயே அதே குழுவில் சேர்ந்தார்.

1757-ல் போர்ச் சூழலில் இங்கிலாந்துக்குப் போனார். 1766-ல் பாத் நகரின் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. பகலில் பாட்டு வகுப்பு, இரவில் வானம் பார்ப்பது என்று நாட்கள் ஓடின.

நினைத்த அளவுக்குப் பெரிய தொலைநோக்கி வாங்க முடியவில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று இறங்கிவிட்டார். ஒருமுறை 16 மணி நேரம் கை எடுக்காமல் ஆடியைத் தேய்த்தார். தங்கை கரோலின்தான் பக்கத்தில் நின்று சாப்பாட்டை வாயில் ஊட்டினார். அந்தக் கரோலினும் பின்னாளில் வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றார்.

1781 மார்ச் 13 இரவு, ஹெர்ஷலின் தொலைநோக்கியில் சிக்கியது யுரேனஸ். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்ட் சம்பளம் கொடுத்தார். அதோடு இசைத் தொழிலுக்கு விடை கொடுத்தார் ஹெர்ஷல்.

1800-ல் நடந்தது என்ன?

சூரியனைப் பார்க்க வண்ணக் கண்ணாடிகளைப் பயன்படுத்தியபோது ஒரு விஷயம் உறுத்தியது. சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவு, ஆனா சூடு அதிகம். சிலவற்றில் நேர்மாறு. அப்படியென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு சூடா?

முப்பட்டகத்தால் வெயிலை நிறங்களாகப் பிரித்து, வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவில் 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது. பச்சையில் 3 டிகிரிக்கு மேல். சிவப்பில் ஏறத்தாழ 7.

சிவப்போடு இது நின்றுவிடுமா? வெப்பமானியை சிவப்பைத் தாண்டி, நிறமே விழாத இடத்தில் வைத்தார். அங்கேயும் பாதரசம் ஏறியது! இன்று நாம் அகச்சிவப்புக் கதிர் என்று சொல்வது இதைத்தான். அப்போது அவருக்கு வயது 61.

இதில் ஒரு சோகமும் உண்டு. ஒளியும் இந்த வெப்பக் கதிரும் வேறுவேறு என்றே ஹெர்ஷல் கடைசியில் முடிவு செய்தார். இரண்டும் ஒரே குடும்பம் என்பது பிறகுதான் உறுதியானது. 1822 ஆகஸ்ட் 25 அன்று ஸ்லவ் நகரில் அவர் காலமானார்.

1840-ல் அவர் மகன் ஜான் ஹெர்ஷல், கரி பூசிய காகிதத்தை ஆல்கஹாலில் நனைத்து வெயிலின் வெப்பத்தையே படமாகப் பதித்தார். வெப்பப் படத்தின் தொடக்கம் அதுதான்.

கோளாறை எப்படிக் காட்டுகிறது?

பொருளின் மேல் பலமான ஃபிளாஷ் விளக்கைக் கண நேரம் அடிப்பார்கள். மேற்பரப்பு சூடாகும், அந்தச் சூடு உள்ளே இறங்கும். உள்ளே அடுக்கு பிரிந்து காற்று இருந்தால், சூடு அங்கே தடைபடும். அதற்கு மேலே உள்ள இடம் மட்டும் மெதுவாகக் குளிரும். கேமராவில் அது திட்டாகத் தெரியும். திட்டு தாமதமாகத் தோன்றினால் கோளாறு ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

உயிர் காக்கும் சோதனை

2003 ஜனவரி 16, கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82-வது நொடியில் நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. பாதிப்பு எவ்வளவு என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் உயிரிழந்தனர்.

அதன் பிறகு இறக்கை முனையின் கார்பன் தகடுகளைச் சோதிக்க நாசா வெப்பப் படங்களைக் கையில் எடுத்தது. 2006 ஜூலையில் டிஸ்கவரி பயணத்தின்போது, வீரர்கள் விண்வெளி நடையிலேயே அகச்சிவப்பு கேமராவைப் பயன்படுத்திப் பார்த்தனர்.

இதற்கும் எல்லை உண்டு. ரொம்ப ஆழத்தில் உள்ள கோளாறு எளிதில் சிக்காது. பளபளக்கும் உலோகம் சுற்றியுள்ள சூட்டைப் பிரதிபலித்து ஏமாற்றும். அதனால்தான் முக்கியமான பாகங்களை அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே மூலமும் பரிசோதிக்கிறார்கள்.