நுளம்புகளை எண்ணிய வைத்தியர்

2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில், 27 ஆண்டுகளின் பின்னர், மயிலிட்டித் துறைமுகத்தை மக்களிடம் மீளக் கையளித்தனர். அக்காலத்தில் ஊர் திரும்பியவர்களுள் நானும் ஒருவன். என் வளவில் எஞ்சியிருந்தது கிணறு ஒன்றே. கட்டு இடிந்திருந்தது, நீர் வற்றவில்லை. அந்நீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. பின்னொரு நாள் வந்த சுகாதாரப் பரிசோதகர் அகப்பை போன்றதொரு கருவியால் நீரை மொண்டு, குடம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறிப்பேட்டிற் பதிந்தார். அதன் பின்னரே மீன்குஞ்சுகளைக் கிணற்றில் விட்டார். அழிக்கப்போகும் பூச்சிக்குக் கணக்கெதற்கு என்று அயலவர் நகைத்தனர். கணிதம் கற்பித்துக் காலங்கழித்த எனக்கு நகைப்பு வரவில்லை. அக்கணக்கின் பின்னே நின்ற மனிதரை நான் நூல்களின் வாயிலாக அறிவேன்.

அவர்தாம் ஸேர் றொனால்ட் றொஸ். 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். தந்தை இந்தியப் படையில் அதிகாரி. மைந்தரோ ஓவியராகவும் கவிஞராகவும் விளங்க விழைந்தார். தந்தையின் கட்டளைக்காகவே மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து சென்னைக்கு வந்தார். வேலை குறைவு, பொழுது மிகுதி. அப்பொழுதை அவர் கவிதைக்கும் கணிதத்துக்கும் பகிர்ந்தளித்தார். இவ்விரண்டிலும் அவர் கொண்ட மோகம் இறுதிவரை தணியவில்லை.

1883இல் பெங்களூரில் அவர் தங்கியிருந்த மனையின் சன்னலருகே ஒரு நீர்த்தொட்டி இருந்தது. அறையில் நுளம்புத் தொல்லை. தொட்டியைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது. படைமுகாமிலுள்ள ஏனைய தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று மேலதிகாரியிடம் வேண்டினார். இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பது தகாதென்று அவர் மறுத்துவிட்டார். நுளம்புக்கும் மலேரியாவுக்கும் உறவுண்டென்பதை அன்று றொஸும் அறியார். ஆயினும், இச்சிறு நிகழ்ச்சியில் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அடங்கியிருந்தது என எனக்குத் தோன்றுவதுண்டு.

1897 ஓகஸ்ட் 20ஆம் நாள் செக்கந்தராபாத்தில், நோயாளியின் குருதியை அருந்திய நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டதும், மறு ஆண்டு கல்கத்தாவிற் பறவைகளைக் கொண்டு நோய் பரவும் வழியை முற்ற நிறுவியதும், 1902இல் நோபெல் பரிசு பெற்றதும் பாடசாலை மாணவரும் அறிந்த கதை. நான் சொல்ல வந்தது அதன் பின் நிகழ்ந்ததை.

காரணி தெரிந்துவிட்டது, இனி நுளம்பை ஒழிப்பதே பணி என அவர் நம்பினார். 1902இல் லாகூருக்கு அருகிலுள்ள மியான் மிர் படைமுகாமில் தொடங்கப்பெற்ற நுளம்பொழிப்பு முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நுளம்பை அடியோடு அழித்தல் இயலாது. எனவே இவ்வழி வீண் என்றனர் பலர். றொஸ் சீற்றங்கொண்டார். சீற்றம் அவருக்குப் புதிதன்று. இத்தாலிய அறிஞர் கிறாஸியுடன் நெடுங்காலம் பொருதவர் அவர். இம்முறை சீற்றம் சமன்பாடாக மாறியது.

1907இல் மொறீசியஸ் தீவுக்குச் சென்ற அவர், மறு ஆண்டு எழுதிய அறிக்கையிற் கணக்கொன்றை இட்டார். நாமும் ஆயிரம் பேர் வாழும் ஊரொன்றை மனத்திற் கொள்வோம். ஒருவருக்கு நோய். அவரைக் கடிப்பவை சில நுளம்புகளே. அவற்றுள்ளும் கிருமி முதிரும் பத்து நாள் அளவும் உயிர் தரிப்பவை மிகச் சில. அவை மீண்டும் மனிதரைக் கடித்தல் வேண்டும். இவ்விழப்புகளையெல்லாம் பெருக்கிப் பார்த்தால், ஓர் எல்லைக்குக் கீழே நுளம்புகள் குறையுமிடத்து, ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவர் தோன்றுமுன் முன்னவர் குணமடைந்துவிடுவார். நோய் தானே அவியும். எல்லா நுளம்பையும் கொல்லவேண்டியதில்லை! 1911இல் வெளிவந்த நூற்பதிப்பில் இதனை மேலும் விரித்தார். மருத்துவருட் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரால் ஊக்கம் பெற்ற மக்கென்றிக் என்பார் மட்டும் அவ்வழியைத் தொடர்ந்து, 1927இல் கேர்மக்குடன் சேர்ந்து, பம்பாயின் கொள்ளைநோய்க் கணக்கைச் சமன்பாட்டுக்குள் அடக்கிக் காட்டினார்.

முதுமையில் றொஸ் தம் கடிதங்களையும் ஏடுகளையும் விற்றார். அரசு தமக்குத் தக்க கைம்மாறு செய்யவில்லையென்ற மனக்குறை அவரை விட்டகலவில்லை. அஃது ஓரளவு மிகையென்பதே என் எண்ணம். 1932 செப்டெம்பர் 16ஆம் நாள் இலண்டனிற் காலமானார்.

அவர் மறைந்து ஈராண்டில் இலங்கை அக்கணக்குக்கு எடுத்துக்காட்டாயிற்று. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. நுளம்பு எல்லையைத் தாண்டிப் பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் டி.டி.ரி. தெளிப்பால் நோய் ஒடுங்கி, 1963இல் நாடு முழுவதிலும் நோயாளர் 17 பேராயினர். வெற்றியென்று எண்ணித் தெளிப்பை நிறுத்தினர். 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலிற் கிடந்தனர். நோயாளரை எண்ணியவர் நுளம்பின் எல்லையை மறந்தனர்.

அதே 1968இல், மக்டொனால்டும் தோழரும் றொஸின் சமன்பாடுகளைக் கணினிக்கு ஊட்டிய ஆய்வு வெளியாயிற்று. கணினிக்குள் ஒரு பாவனை ஊர்; அதில் மருந்து தெளித்தும் நிறுத்தியும் பார்க்கலாம்; ஒருவரும் மாளார். இன்று கொள்ளைநோய் எதுவாயினும், தடுப்புக்குத் திட்டம் வகுப்போர் முதலில் அத்தகைய ஊரொன்றை அமைத்தே பார்க்கின்றனர். அன்று தாளில் றொஸ் அமைத்த ஊரின் வழிவந்தவை அவை.

2012 ஒக்டோபருடன் உள்நாட்டு மலேரியா ஓய்ந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல ஸ்ரிபென்சி என்னும் புதிய நுளம்பினம் காணப்பட்டது. நாமோ கிணற்றை நம்பி வாழ்பவர்கள். தொட்டியைக் கவிழ்ப்பதுபோற் கிணற்றைக் கவிழ்க்க முடியுமா?

சென்ற கிழமையும் பரிசோதகர் வந்தார். மீன்கள் கொழுத்திருந்தன. மொண்ட நீரில் இரண்டு குடம்பிகள். குறித்துக்கொண்டு அடுத்த வளவுக்குச் சென்றார்.