பாரதியார் என்னும் உதவியாசிரியர்

பாரதியாரைக் கவிஞராக அறியாத தமிழர் இலர். விடுதலை இயக்கத்தின் குரலாகவும், பெண்ணுரிமை பேசிய புதுமையாளராகவும், வேதாந்தியாகவும் அவரைக் காட்டும் நூல்கள் பலவுள. ஆயின் அவர் கையொப்பமிட்டுச் சம்பளம் பெற்ற தொழில் யாது என்று கேட்டால், விடை சொல்லச் சற்றுத் தயங்குவோம். எட்டயபுரம் அரண்மனையில் இருந்த சிறிது காலமும், மதுரையில் தமிழாசிரியராய் இருந்த மூன்று மாதங்களும் நீங்கலாக, அவர் வாழ்ந்தது பத்திரிகைத் தொழிலால்தான். இருபத்தோராம் வயதில் ஒரு நாளிதழின் உதவியாசிரியராக அத்தொழிலில் புகுந்தார். முப்பத்தெட்டாம் வயதில் அதே நாளிதழின் உதவியாசிரியராகவே கண்மூடினார். இடையில் நிகழ்ந்தவை அனைத்தும் இவ்விரு நாற்காலிகளுக்கு நடுவே நிகழ்ந்தவை.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் சுப்பிரமணியன். இளமையிலேயே தாயை இழந்தார். பதினோராம் வயதில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். 1897இல் செல்லம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு தந்தையும் மறைய, காசியில் இருந்த அத்தையிடம் சென்று, அங்கே வடமொழியும் இந்தியும் ஆங்கிலமும் பயின்று, பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்விலும் தேறினார். பின்னர் எட்டயபுரம் திரும்பி அரண்மனைப் பணியில் அமர்ந்தார். அவ்வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை. 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். சம்பளம் மாதம் பதினேழரை ரூபாய். அந்நிலையில்தான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878இல் ‘இந்து’ இதழைத் தோற்றுவித்த இளைஞர் அறுவருள் ஒருவர். இளம் வயதில் கைம்பெண்ணான தம் மகளுக்கு மறுமணம் செய்வித்துச் சொந்தச் சாதியின் பகையைத் தேடிக்கொண்டவர். ஆங்கிலம் அறிந்த சிலரிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நாடு விழிக்காது என்று உணர்ந்து, 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தமிழ் வார இதழாகத் தொடங்கினார். பாரதியார் பிறந்த அதே ஆண்டில் பிறந்த அவ்விதழ், 1899இல் நாளிதழாயிற்று. தமிழின் முதல் நாளிதழ் என்னும் பெருமை அதற்கு உண்டு. பெருமைக்கேற்ற பொருள்வளம் இல்லை, ஆள்வளமும் இல்லை. ஆங்கிலமும் தமிழும் வல்ல இளைஞர் ஒருவர் ஐயருக்குத் தேவைப்பட்டார். 1904 நவம்பரில் பாரதியார் சென்னை சேர்ந்தார்.

அக்காலத் தமிழ் நாளிதழில் உதவியாசிரியரின் வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பே ஆகும். உலகச் செய்திகள் ராய்ட்டர் தந்திகளாக ஆங்கிலத்தில் வந்தன. நாட்டுச் செய்திகளும் ஆங்கில நாளிதழ்களைப் பார்த்தே பெரிதும் எடுக்கப்பட்டன. அரசாங்க அறிக்கைகள், சட்டசபை நடவடிக்கைகள், காங்கிரஸ் தலைவர்களின் சொற்பொழிவுகள் யாவும் ஆங்கிலமே. இவற்றுள் தமிழ் வாசகருக்கு வேண்டுவது எது, வேண்டாதது எது என்று முதலில் பிரிக்க வேண்டும். பிரித்ததைத் தமிழாக்க வேண்டும். நீண்டதைச் சுருக்கி, தந்தியில் சுருங்கி வந்ததை விரித்துப் பொருள் விளங்கச் செய்து, மகுடமிட்டு, அச்சுக் கோப்பவரிடம் தாளைத் தாளாகக் கொடுத்தனுப்ப வேண்டும். கோத்தது வந்தபின் மெய்ப்புப் பார்க்க வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் இதழ் அச்சேறும் நேரம் நெருங்கிவிடும். அடுத்த நாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செய்யுளில் ஊறிய ஒருவருக்கு இது கடினமான பயிற்சி. ஆங்கில வாக்கியம் செயலை முன்னே சொல்லிவிட்டுக் காரணங்களையும் சூழ்நிலைகளையும் பின்னே கோத்துக்கொண்டு போகும். தமிழ் வாக்கியமோ வினைமுற்றை இறுதிக்கென வைத்திருக்கும். ஆங்கிலத்தில் நான்கு கிளைகளாகப் பிரியும் ஒரு வாக்கியத்தை அப்படியே தமிழில் தலைகீழாக்கினால், எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று வாசகர் தேடித் தவிப்பார். ஆகவே மொழிபெயர்ப்பவர் ஒன்றை இரண்டாக வெட்டவும், இரண்டை முன்பின்னாக மாற்றவும், ஆங்கிலத்தை மறந்து விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துப் புதிதாகச் சொல்லவும் பழக வேண்டும். ஐயர் வேலை வாங்குவதில் கண்டிப்பானவர் என்றும், அந்தக் கண்டிப்பினால்தான் தமக்குத் தமிழ் உரைநடை கைவந்தது எனப் பாரதியார் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார் என்றும் அவரை நெருங்கி அறிந்தவர்கள் எழுதியுள்ளனர்.

அவர் பணியில் சேர்ந்த காலமும் சாதாரணமானதன்று. ருசிய ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்தது. 1905 ஜனவரித் தொடக்கத்தில் போர்ட் ஆர்தர் கோட்டை விழுந்தது. அதே மாதத்தில் ருசியாவில் மக்கள் கிளர்ச்சி மூண்டது. மே மாதம் சுஷிமாக் கடற்போரில் ருசியக் கப்பற்படை அழிந்தது. ஆசிய நாடொன்று ஐரோப்பியப் பேரரசு ஒன்றை வீழ்த்திய செய்தி தந்தி தந்தியாக வந்தது. அக்டோபரில் வங்காளம் பிரிக்கப்பட்டது. சுதேசிக் கிளர்ச்சி பரவியது. தமிழ்நாட்டின் பிற கவிஞர்கள் இச்செய்திகளை மறுநாள் படித்தறிந்தனர். பாரதியார் இருந்த இடமோ அவை தமிழாக மாறும் இடம். உலகம் முழுவதும் ஒரு மேசைமீது வந்து விழுந்துகொண்டிருந்தது. பிற்காலத்தில் பெல்ஜியத்தையும் ருசியப் புரட்சியையும் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தையும் தமிழ்க் கவிதைக்குள் கொண்டுவந்தவருக்கு, இவ்வுலகப் பார்வை கிட்டிய இடங்களுள் இம்மேசையே தலையாயது எனல் மிகையாகாது.

சொல் தேடும் துன்பமும் அங்கேதான் தொடங்கியது. சட்டசபை, தேர்தல், தொழிற்சங்கம் முதலியன தமிழ்நாட்டுக்குப் புதியவை. அவற்றிற்குரிய சொற்கள் அகராதியில் ஆயத்தமாக இல்லை. பாரதியார் தம் கட்டுரை ஒன்றில், சபையின் மெம்பர் என்பதற்குத் தமிழ்ச்சொல் காண அரைமணி நேரம் முயன்று தோற்றதை நகைச்சுவையோடு விவரித்துள்ளார். நான்கைந்து சொற்களை எடுத்துப் பார்க்கிறார். ஒன்று பொருந்தவில்லை, பொருந்தும் ஒன்றோ பொதுமக்களுக்கு விளங்காது. முடிவில் மெம்பர் என்றே எழுதிவிட்டு, பின்னர் ஆற அமர யோசித்துச் சொல்வதாக வாசகரிடம் தவணை கேட்கிறார். உறுப்பினர் என்னும் சொல்லை இன்று எளிதாக வழங்கும் நமக்கு, அந்த அரைமணி நேரத்தின் மதிப்பு தெரிவதில்லை. தூய சொல்லா, தெரிந்த சொல்லா என்னும் வினா எழுந்தபோது அவர் வாசகர் பக்கமே நின்றார். 1912இல் வெளிவந்த ‘பாஞ்சாலி சபத’த்தின் முன்னுரையில், எளிய பதமும் எளிய நடையும் கொண்டு காவியம் செய்வதே தாய்மொழிக்கு உயிர் தருவது என்னும் கருத்தை அவர் வற்புறுத்தியதற்குப் பின்னால் இம்மேசைப் பழக்கமும் இருந்திருக்க வேண்டும்.

உதவியாசிரியருக்குப் பெயர் இல்லை. அவர் எழுதுவது பத்திரிகையின் குரலாகவே வெளிவரும். கருத்து ஆசிரியருடையது, கைமட்டும் அவருடையது. 1905 செப்டம்பரில் வங்கத்தை வாழ்த்தி அவர் பாடிய கவிதை ‘சுதேசமித்திர’னில் வந்தது. அதற்கு முந்திய மாதம் முதல் ‘சக்கரவர்த்தினி’ என்னும் மாதர் மாத இதழின் ஆசிரியராகவும் பணியாற்றத் தொடங்கியிருந்தார். எனினும் அரசியலில் அவர் உள்ளம் கொதித்த அளவிற்கு நாளிதழின் பத்திகள் இடம் தரவில்லை. 1906 மே மாதம் மண்டயம் திருமலாச்சாரியாரின் ஆதரவில் ‘இந்தியா’ வார இதழ் தொடங்கியபோது, அவருக்கு அந்த இடம் கிடைத்தது. சிவப்புத் தாளில் வந்த அவ்விதழ், அரசியல் கருத்துப்படங்களைத் தமிழில் முதன்முதலாக முறையாக வெளியிட்டது. திலகர் வழியைத் தமிழர்க்கு எடுத்துரைத்தது.

ஆனால் அங்கும் ஏட்டின்மேல் இருந்த பெயர் அவருடையதன்று. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்தவர் எம். சீனிவாசன். 1908இல் வ.உ. சிதம்பரனார் தண்டிக்கப்பட்டபின் அரசின் கை பத்திரிகைகள்மீது விழுந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். ‘இந்தியா’வில் வந்த எழுத்துகளுக்காகச் சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பாரதியார் நண்பர்கள் வற்புறுத்தியதன்பேரில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். எழுதிய கை தப்பியது. பெயர் சிறை சென்றது. பெயரின்றி எழுதும் தொழிலில் இப்படியொரு கணக்கும் உண்டு. பாரதியார் தப்பிச் சென்றது சரியா என்று அக்காலத்திலேயே பேசியவர் உண்டு. அவர் சிறை சென்றிருந்தால் ‘குயில் பாட்டு’ம் ‘கண்ணன் பாட்டு’ம் ‘பாஞ்சாலி சபத’மும் நமக்குக் கிடைத்திரா என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. இவ்விரண்டையும் சொல்லும்போது, ஐந்தாண்டுத் தண்டனை ஏற்ற அம்மனிதரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறையாகும்.

புதுச்சேரியிலிருந்து 1908 அக்டோபர் முதல் ‘இந்தியா’ மீண்டும் வெளிவந்தது. ‘விஜயா’, ‘சூரியோதயம்’, ‘கர்மயோகி’ ஆகியவற்றிலும் அவர் எழுத்து இடம்பெற்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ்கள் நுழைவதை அரசு தடுத்தது. வாசகரை இழந்த பத்திரிகை வாழ்வதெப்படி? 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. எழுத இதழின்றி வறுமையில் கழிந்த ஆண்டுகளில், மீண்டும் கைகொடுத்தது ‘சுதேசமித்திரன்’. 1915இல் அவ்விதழ் ஏ. ரங்கசாமி ஐயங்கார் வசம் வந்தபின், பாரதியாரின் கட்டுரைகள் சக்திதாசன், காளிதாசன் முதலிய புனைபெயர்களில் அதில் வந்தன.

1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்தபோது கைது செய்யப்பட்டு, கடலூர்ச் சிறையில் இருபத்தைந்து நாள்போல் இருந்து விடுதலையானார். விடுதலைக்கு நிபந்தனைகள் இருந்தன. தம் எழுத்துகளைக் காவல்துறையின் பார்வைக்கு அனுப்பி ஒப்புதல் பெற்ற பின்னரே வெளியிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பிறர் எழுத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிய கை, தன் எழுத்தைப் போலீஸ் அதிகாரியிடம் நீட்ட வேண்டியதாயிற்று. செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கியிருந்த அவர், தம் நூல்கள் அனைத்தையும் நாற்பது தொகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டு, பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். தமிழ்நாடு செவிசாய்க்கவில்லை.

கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னர், 1920ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்னை வந்து ‘சுதேசமித்திர’னில் மீண்டும் உதவியாசிரியரானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற சென்னையில் பழைய ஆசிரியர் இல்லை, ஜி. சுப்பிரமணிய ஐயர் 1916இலேயே மறைந்திருந்தார். அரசியலும் மாறி, காந்தியடிகளின் காலம் பிறந்திருந்தது. இளைஞராய் வந்தபோது கற்றுக்கொள்ள வந்தவர், இம்முறை எல்லாம் எழுதி முடித்தும் எதுவும் கையில் இல்லாதவராய் வந்தார். ஆயினும் அவர் அதைத் தாழ்வாகக் கொண்டதாகத் தெரியவில்லை. திருவல்லிக்கேணியில் குடியிருந்து, நாள்தோறும் அலுவலகம் சென்று எழுதினார்.

1921 ஜூன் மாதத்தில் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளி வீழ்த்தியது. நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து மீட்டார். காயம் ஆறியபின் மீண்டும் பணிக்குச் சென்றார். ஜூலை இறுதியில், வக்கீல் தங்கப்பெருமாள் பிள்ளையின் அழைப்பை ஏற்று ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசினார். மனிதனுக்கு மரணமில்லை என்பது பேச்சின் பொருள். திரும்பி வந்து அப்பயணத்தைத் தாமே கட்டுரையாக எழுத, ஆகஸ்டு முதல் வாரத்தில் அது ‘சுதேசமித்திர’னில் வெளிவந்தது. அடுத்த மாதம் வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. மருந்துண்ண மறுத்தார்.

செப்டம்பர் 11ஆம் நாள் இரவு. நண்பர் சிலர் அருகிருந்தனர். மறுநாள் அலுவலகத்திற்குப் போக வேண்டும் என்றும், ஆப்கானிஸ்தானத்து அரசர் அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போக வேண்டும் என்றும் அவர் சொன்னதாக, உடனிருந்த பரலி சு. நெல்லையப்பர் பதிவு செய்துள்ளார். நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தெட்டு ஆண்டு ஒன்பது மாதம். இறுதி ஊர்வலத்தில் சென்றவர் மிகச் சிலரே.

நாற்பது தொகுதிகள் வெளிவராத துயரமோ, தம்மைக் கைவிட்ட நாட்டின்மேல் மனக்குறையோ அவ்விரவில் அவர் வாய்ச்சொல்லாக வரவில்லை. நாளைய இதழுக்குத் தரவேண்டிய கட்டுரையே அவர் நினைவில் நின்றது. அயல்நாட்டில் நிகழ்வதொன்றைத் தமிழ் வாசகருக்கு விளங்கச் சொல்ல வேண்டும் என்பதே 1904இல் அவர் ஏற்ற வேலை. 1921இல் எஞ்சியிருந்த வேலையும் அதுவே. அமானுல்லா கானைப் பற்றிய அக்கட்டுரை எழுதப்படவே இல்லை. ஆனால் அதை எழுதுவதற்கேற்ற தமிழை அவர் ஆக்கி வைத்துவிட்டுப் போனார். நாள்தோறும் செய்தித்தாளை விரித்துத் தடையின்றிப் படித்துச் செல்லும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலேயே அந்த உதவியாசிரியருக்குக் கடன்பட்டவர்களாவர்.