உங்க தெர்மாகோல் கூலருக்கு ஒரு தாத்தா இருக்கார்... நோயாளிகளுக்காக ஐஸ் தேடிய டாக்டர் ஜான் கோரி!

ஏப்ரல், மே வந்துட்டா போதும்... ரீல்ஸ் முழுக்க ஒரே வீடியோதான். ஒரு தெர்மாகோல் பெட்டி, மூடியில ஓட்டை போட்டு ஒரு குட்டி ஃபேன், உள்ளே கொஞ்சம் ஐஸ். ஸ்விட்சைத் தட்டினதும் சில்லுனு காத்து. செலவு சில நூறு ரூபாய். ஏசி வாங்க முடியாதவங்களுக்கும், வாங்கிட்டு கரன்ட் பில்லை நினைச்சு ஆஃப் பண்ணியே வெச்சிருக்கிறவங்களுக்கும் இது பெரிய ஆறுதல்.

இது யாரோ ஒரு யூடியூபர் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சா, கொஞ்சம் பொறுங்க. கிட்டத்தட்ட 180 வருஷத்துக்கு முன்னாடி, வீடுகளுக்கு மின்சாரமே வராத காலத்துல, ஒரு டாக்டர் கூரையிலிருந்து ஐஸ் பாத்திரத்தைத் தொங்கவிட்டு நோயாளிகளின் அறையைக் குளிர வெச்சார். அவர் பெயர் ஜான் கோரி. அந்தப் பாத்திரத்துல ஆரம்பிச்ச தேடல், அவரோட தொழிலையும் சேமிப்பையும் விழுங்கிடுச்சு. ஆனா இன்னிக்கு ஏசி அறையில உட்காருற ஒவ்வொருத்தரும் அவருக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கோம்.

பஞ்சு மூட்டைகளும் கொசுக்களும்

கோரி பிறந்தது 1803-ம் ஆண்டு. வளர்ந்தது அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில். நியூயார்க் மாநிலத்தில் மருத்துவம் படிச்சு 1827-ல் டாக்டரானார். 1833-ல் ஃப்ளோரிடாவில் இருக்கும் அப்பலாச்சிகோலா என்ற சின்னத் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தார்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற ஊர் அது. உள்நாட்டில் விளைஞ்ச பஞ்சு ஆத்து வழியா வந்து, அங்கிருந்து கப்பல் ஏறும். பணம் புழங்கின ஊர்தான். ஆனா சுத்திலும் சதுப்பு நிலம், புழுக்கம், கொசு. கோடைக்காலம் வந்தா மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் கூடவே வரும்.

கோரி சும்மா இருக்கிற ஆள் இல்லை. வைத்தியம் பார்த்துக்கிட்டே தபால் அலுவலக அதிகாரியா இருந்தார். 1837-ல் ஊர் மேயரும் ஆனார். சதுப்பு நிலங்களில் தேங்கும் தண்ணியை வடியவிடணும்னு திரும்பத் திரும்பச் சொன்னார். 1841-ல் மஞ்சள் காய்ச்சல் அந்த ஊரைப் பலமா தாக்கினபோது, எரியும் உடம்போட கிடந்தவங்களைப் பார்த்துக்கிட்டது அவர்தான்.

தப்பான காரணம், சரியான கேள்வி

அந்தக் காலத்துல இந்தக் காய்ச்சல்களுக்குக் காரணம் கொசுன்னு யாருக்கும் தெரியாது. சதுப்பிலிருந்து கிளம்புற கெட்ட காத்துதான் நோயைக் கொண்டு வருதுன்னு டாக்டர்கள் நம்பினாங்க. கோரியும் அப்படித்தான் நம்பினார். மலேரியாவைக் கொசு பரப்புதுன்னு ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிச்சது 1897-ல். கோரி இறந்து 42 வருஷம் கழிச்சு!

ஆனா அவர் ஒண்ணைக் கவனமா பார்த்தார். வெயில் காலத்துல வர்ற காய்ச்சல், குளிர் ஆரம்பிச்சதும் அடங்கிடுது. அப்படின்னா நோயாளி இருக்கிற அறைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கொண்டுவந்தா என்ன? காரணம் தப்புதான். ஆனா காய்ச்சல்ல கிடக்கிற உடம்புக்குக் குளிர்ச்சி தேவைங்கிற எண்ணம் தப்பில்லையே.

அவர் செஞ்ச ஏற்பாடு ரொம்ப சிம்பிள். அறையோட கூரையிலிருந்து ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு, அதுல ஐஸ் நிரப்பினார். புகைபோக்கி வழியா வெளிக்காத்து உள்ளே வந்து ஐஸ் மேல படும்படி குழாய் வெச்சார். குளிர்ந்த காத்துக்கு எடை அதிகம், அதனால அது தானா கீழே இறங்கி நோயாளி மேல படியும். தரைக்குப் பக்கத்துல ஒரு திறப்பு. பழைய காத்து அது வழியா வெளியே போயிடும்.

ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை. காத்தோட எடையே வேலையைச் செஞ்சது. இப்போ உங்க தெர்மாகோல் பெட்டியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஐஸ், அது மேல படுற காத்து, காத்து வெளியேற ஒரு வழி. அதே சங்கதிதான்.

ஐஸ் கப்பல் வரலைன்னா?

இங்கேதான் சிக்கல். ஃப்ளோரிடாவில் ஐஸுக்கு எங்கே போறது? அப்போ ஐஸ் செய்யும் தொழிற்சாலையே கிடையாது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் ஏரிகள் உறையும். அந்த ஐஸைக் கட்டி கட்டியா அறுத்து, மரத்தூளில் புதைச்சு, கப்பல்ல தெற்கே அனுப்புவாங்க. வழியில உருகினது போக மிச்சம்தான் ஊருக்கு வரும். கப்பல் தாமதமானா விலை எகிறிடும். வரவே இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

இந்த வியாபாரத்தின் ராஜா பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர். ‘ஐஸ் கிங்’ என்பதே அவரோட பட்டப்பெயர். கோரி அப்பலாச்சிகோலாவுக்கு வந்த அதே 1833-ல்தான் டியூடரின் முதல் ஐஸ் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. அடுத்து நம்ம சென்னைக்கும் அவர் ஐஸ் வந்தது. மெரினா எதிரே இருக்கிற விவேகானந்தர் இல்லம் தெரியும்தானே? அது 1842-ல் டியூடரின் ஐஸைச் சேமிக்கக் கட்டின கட்டடம். அந்தப் பக்கத்தை இன்னிக்கும் நாம ஐஸ் ஹவுஸ்னுதான் சொல்றோம். பாஸ்டன் பக்கத்து ஏரி ஐஸ் பாதி உலகம் சுத்தி மெட்ராஸுக்கு வந்து, வசதியானவங்களோட கிளாஸ்ல விழுந்தது.

கோரிக்கு இருந்த கவலையே இதுதான். குளிர்ச்சி ஒரு மருந்துன்னா, அது கப்பலையும் காசையும் நம்பி இருக்கக் கூடாது. காய்ச்சல் வர்ற அன்னிக்கு, அந்த ஊரிலேயே ஐஸ் கிடைக்கணும்.

பிராக்டிஸை விட்டுட்டு மெஷின் பின்னாடி

1844-ல் உள்ளூர்ப் பத்திரிகையில் தன் யோசனையைத் தொடர் கட்டுரைகளா எழுதினார். சொந்தப் பெயரில் இல்லை, ஜென்னர் என்ற புனைபெயரில். பெரியம்மைத் தடுப்பூசி தந்த டாக்டரோட பெயர் அது. 1845-ல் வைத்தியத் தொழிலையே விட்டுட்டு, ஐஸ் செய்யும் மெஷினில் முழுசா இறங்கினார்.

அந்த மெஷின் எப்படி வேலை செய்யும்? உங்க சைக்கிளை வெச்சே புரிஞ்சுக்கலாம். டயருக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கத்தைத் தொட்டா சுடும். காத்தை அழுத்தினா அது சூடாகும். அதே டயரோட வால்வைத் திறந்துவிட்டா, வெளியே பாயுற காத்து சில்லுனு இருக்கும். அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியுற காத்து குளிரும்.

கோரி செஞ்சதும் இதைத்தான். பிஸ்டன் வெச்சுக் காத்தை அழுத்தினார். அந்தச் சூட்டைத் தண்ணி விட்டுத் தணிச்சார். பிறகு அதே காத்தை விரிய விட்டார். குளிர்ந்த காத்து உப்புத்தண்ணியைக் குளிர வைக்கும், அந்த உப்புத்தண்ணி பக்கத்துல இருக்கிற நல்ல தண்ணியை ஐஸாக்கும். சுட்டெரிக்கும் ஃப்ளோரிடாவில் மெஷின்ல பிறந்த ஐஸ்!

1850-ல் ஊருக்கு ஐஸ் கப்பல் வராத ஒரு ஜூலை நாளில், பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ஒருத்தர் கொடுத்த விருந்துல கோரியோட ஐஸ் போட்டு ஷாம்பெயின் பரிமாறி எல்லாரையும் அசர வெச்சதா அந்த ஊர்ல ஒரு கதை சொல்வாங்க. 1851 மே 6-ம் தேதி அவருக்கு 8080 என்ற எண்ணோட அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது.

சிரிச்சாங்க, கதவைச் சாத்தினாங்க

இதுக்கு அப்புறம் கோரி கோடீஸ்வரர் ஆனார்னு எழுத ஆசைதான். ஆனா நடந்தது வேற.

கடவுள் மாதிரி ஐஸ் செய்றேன்னு கிளம்பியிருக்கிற கிறுக்கன்னு நியூயார்க் பத்திரிகை ஒண்ணு அவரைக் கேலி பண்ணுச்சு. ஐஸை உறைய வைப்பது இயற்கையோட வேலை, மனுஷனுக்கு அதுல என்ன வேலைங்கிறதுதான் அன்னிக்குப் பலரோட நினைப்பு. பணம் போட முன்வந்த கூட்டாளி இறந்துபோனார். புது முதலீட்டுக்காக நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் போய் அலைஞ்சார். யாரும் கை கொடுக்கலை. மெஷினிலும் கசிவு மாதிரியான குறைகள் இருந்தது உண்மை. தனக்கு எதிரான பேச்சுக்குப் பின்னாடி ஐஸ் கிங் டியூடர் இருக்கார்னு கோரி சந்தேகப்பட்டார். அதுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கலை.

1855 ஜூன் 29, வெயில் காலத்திலேயே, அப்பலாச்சிகோலாவில் கோரி இறந்தார். வயசு 51. மெஷின் ஒரு தொழிற்சாலைக்கும் போய்ச் சேரலை.

சரித்திரம் அப்புறம்தான் திரும்பிப் பார்த்தது. சில பத்தாண்டுகளில் மெஷின் ஐஸ், கப்பல் ஐஸ் வியாபாரத்தையே முடிச்சு வெச்சது. மெட்ராஸ் ஐஸ் ஹவுஸும் வேற கைக்கு மாறுச்சு. 1914-ல் ஃப்ளோரிடா மாநிலம் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் கோரிக்குச் சிலை வெச்சது. ஒரு மாநிலத்துக்கு ரெண்டே சிலைதான் அங்கே அனுமதி. அதுல ஒண்ணு, அந்தக் கிறுக்கன்னு பேர் வாங்கின டாக்டருக்கு!

வீட்டு ஃப்ரிட்ஜும் ஏசியும் கோரி போன வழியில் போகலை. அதுக்கு வேற வாயு, வேற முறை. ஆனா விமானத்துல ஏறினா தலைக்கு மேல இருந்து சில்லுனு வருமே, அந்தக் காத்து பெரும்பாலும் காத்தை அழுத்தி, விரிய விட்டுக் குளிர வைக்கிற முறைதான். கோரியோட அடிப்படை இன்னிக்கும் வானத்துல பறந்துக்கிட்டு இருக்கு.

உங்க பெட்டிக்கு கோரி தரும் டிப்ஸ்

சரி, வீட்டுக் கூலருக்கு வருவோம். முதல்ல ஒரு உண்மை. 1 டன் ஏசின்னு சொல்றோமே, அந்த டன் ஏசியோட எடை இல்லை. சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்துல உருகினா எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதுதான் 1 டன். ஐஸ் கட்டிகள் காலத்துக் கணக்கு இது. அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 38 கிலோ ஐஸ். உங்க பெட்டியில இருக்கிற ரெண்டு லிட்டர் ஐஸ், ஒரு 1 டன் ஏசி அஞ்சு நிமிஷத்துக்குள்ள செய்ற வேலையைத்தான் செய்யும். அறை முழுக்க குளிரும்னு சொல்ற ரீல்ஸை நம்பாதீங்க. ஆனா ஒரு ஆளுக்கு, ஒரு கட்டிலுக்கு ஆறுதல் தரும். கோரியும் அதைத்தானே கேட்டார்?

* பெட்டியைத் தரையில வைக்காதீங்க. படுத்திருக்கிற உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே, ஸ்டூல்ல வைங்க. குளிர்ந்த காத்து தானா இறங்கி உங்க மேல படும்.

* அறையை முழுசா அடைக்காதீங்க. ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க. கோரி தரைப்பக்கம் திறப்பு வெச்சது சும்மா இல்லை.

* ஐஸைத் திறந்து கொட்டாம, பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி ஊத்தி உறைய வைங்க. வாய் வரைக்கும் நிரப்ப வேண்டாம், உறையும்போது தண்ணி விரியும். பாட்டில் ஐஸ்னா அறையில ஈரம் கூடாது. சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்கு இது முக்கியம். வேலூர் மாதிரி வறண்ட வெயிலுக்கு ஈரத்துணியும் வெட்டிவேர் தட்டியுமே நல்லா வேலை செய்யும்.

* ராத்திரியில உறைய வெச்சு, மதியம் பயன்படுத்துங்க. ஃப்ரிட்ஜ் உள்ளே குளிர வைக்கிற சூட்டை வீட்டுக்குள்ளதான் தள்ளும். மதிய வெயில்ல அதையும் சேர்த்துத் தாங்க முடியாது.

* பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் தண்ணி படாத உயரத்துல இருக்கட்டும். ஈரக்கையோட ஃபேனைத் தொடாதீங்க.

இன்னொண்ணு. வெயில் தாங்காம யாராவது குழம்பிப் பேசினாலோ, மயங்கினாலோ இந்தப் பெட்டியை நம்பி உட்காராதீங்க. உடம்பைத் தண்ணியால நனைச்சுக்கிட்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

கோரி முதல் ஐஸ் பாத்திரத்தைத் தொங்கவிட்டது தன்னோட படுக்கைக்கு மேல இல்லை, காய்ச்சல்ல கிடந்தவங்களுக்கு மேல. நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை பெட்டியில ஓட்டை போட்டு முடிச்சதும், ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. உங்க வீட்டுல வெயில் யாரை ரொம்ப வாட்டுது? தகரக் கூரைக்குக் கீழே படுக்கிற பாட்டியா, கைக்குழந்தை வெச்சிருக்கிற அக்காவா? முதல் பாட்டில் ஐஸ் அவங்க பக்கம் போகட்டும்.