தேக்கு வளர்த்த துரை

சங்ககிரியின் மொட்டைப் பாறையைப் பார்த்துப் பழகியவர்கள் ஆனைமலைத் தேக்குக் காட்டைக் கண்டால் வியப்பார்கள். அதுவும் ஒரு காலத்தில் மொட்டையாகி வந்த காடுதான்! பம்பாயில் கப்பல் கட்டவும், ரயில் பாதைக்குக் கட்டை போடவும் வெட்டி வெட்டிக் குறைந்தது. மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்ஸ்லிப்.

அங்கே வன அதிகாரியாக வந்தார் ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேயர். வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை, முறையை மாற்றினார். வேரோடு பறிக்காமல் அடிக்கட்டையை விட்டுவைத்தால் தேக்கு மீண்டும் துளிர்க்கும். துளிர் மரமாகும்வரை அங்கே கோடரி விழலாகாது. வெற்றிடங்களில் விதைக்க வேண்டும். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் குழி போட்டு, பையிலிருந்த விதையை இடுவாராம்.

காசநோயால் 1933-இல் குன்னூரில் மறைந்தார். விரும்பியபடியே, தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே துயில்கிறார்.